நாலாவது ஊசி

பத்திரிகை ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தனி ஞானம் உண்டு. ஊரில் எது எது சரியாக நடக்கவில்லை என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். காலையில் தபாலைப் பிரித்தால் போதும். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை, பஸ் நிற்காமல் போய்விட்டது என்று வரிசையாக வந்து விழும். எல்லாம் நியாயமான புகார்கள்தாம், எழுத வேண்டியவைதாம். ஆனால், "நேற்று எங்கள் தெருக் குழாயில் ஜோராகத் தண்ணீர் வந்தது" என்று எந்தப் புண்ணியவதியாவது கடிதம் போட்டதுண்டா? பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு கடிதம் என் கண்ணில் பட்டதில்லை.

ஆகவே நானே ஒன்று எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். விஷயம் குழாய்த் தண்ணீர் அல்ல, நாய்க்கடி. கடிபட்டவர் என் மாமியார்.

எங்கள் அத்தைக்கு வயது எழுபத்தொன்று. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஒரு கிண்ணம் தயிர்சாதத்தோடு வாசலுக்குப் போவது அவருடைய நித்திய கடமை. அங்கே செவலை நிற கிழ நாய் ஒன்று காத்திருக்கும். அவரைப் பார்த்து அது வாலை ஆட்டுவதும், அதைப் பார்த்து அவர் ஊர் வம்பு பேசுவதும் தினப்படி நடக்கிற காரியம். சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை, எங்கிருந்தோ வந்த இன்னொரு நாய் அந்தச் சாதத்துக்குப் பங்கு கேட்டது. இரண்டுக்கும் பெரிய யுத்தம். அத்தை சமரசம் செய்து வைக்கப் போனார். சமரசம் செய்யப் போகிறவர்களுக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது; கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. கடித்த நாய் தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

நம் தெருக்களில் டாக்டர்களுக்குப் பஞ்சம் ஏது? ஐந்து நிமிஷத்துக்குள் வாசலில் ஒரு வைத்திய சபையே கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொன்னார். மாடி வீட்டுக்காரர் மிளகாய்ப் பொடி என்றார். காப்பிப் பொடி என்று ஒரு கட்சி. "பத்து நாள் அந்த நாயைக் கவனியுங்கள், அது உயிரோடு இருந்தால் பயமில்லை" என்று ஒருவர் சாவகாசமாக ஆலோசனை சொன்னார். கவனிப்பதற்கு நாய் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

இதிலெல்லாம் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாரா வாரம் வருகிற வைத்தியக் கட்டுரைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவள் நான். நாய் கடித்த காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். வெறிநாய்க் கிருமிக்குச் சோப்பு ஆகாது. காயத்தில் இருக்கும்போதே அதில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விடும். அத்தையைக் கொல்லைக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். எட்டு வயதுப் பையன் கையில் கடிகாரத்தோடு நின்றான். பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலாவது நிமிஷத்தில் அத்தை, "போதும்மா, துணியாவது வெளுத்துப் போயிருக்கும்!" என்றார். பையன் விடவில்லை. "இன்னும் பதினொண்ணு இருக்கு பாட்டி!" என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

கழுவி முடித்தபோதுதான் அத்தை மெள்ள வாய் திறந்தார். முகத்தில் அதுவரை இல்லாத கலவரம். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியா?"

இந்தப் பயம் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வயிற்றைத் தடவிக்கொள்வார்கள். அத்தையின் தம்பிக்குச் சின்ன வயதில் அந்த ஊசி போட்டார்களாம். தினம் பஸ் ஏறி ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய், வயிறு பலகையாக வீங்கி, அந்தப் பிள்ளை அழுத அழுகை அறுபது வருஷம் கழித்தும் அவர் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த ஊசியின் கதை பெரிது. 1885ஆம் வருஷம் ஜூலை 6ந் தேதி, பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன் முதலாகத் தடுப்பு மருந்தைச் செலுத்தினார், பையன் பிழைத்தான். நம் தேசத்தில் 1900ல் இமயமலைச் சாரலில் கசௌலியில் ஒரு பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவன் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போவதற்குள் காரியம் மிஞ்சிவிடும் அல்லவா? ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கத் தனவந்தர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு 1907ல் நம் நீலகிரியிலேயே, குன்னூரில், ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். 1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் ஆட்டு மூளையிலிருந்து மருந்து தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். தொப்புளைச் சுற்றிப் போட்டது அந்த மருந்தைத்தான். வீரியம் குறைவு; ஆகவே அளவும் அதிகம், நாளும் அதிகம். அருமையான உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது என்பதும் நிஜம். சிலருக்கு நரம்புக் கோளாறு உண்டாக்கியது என்பதும் நிஜம். 2004ஆம் வருஷக் கடைசியோடு அதன் உற்பத்தியை இந்தியாவில் அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஊசி போய் இருபது வருஷம் ஆகிறது. பயம் மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் நான் அத்தைக்குக் குழாயடியில் உட்கார்ந்து சொல்லவில்லை. "இப்போது கையில்தான் போடுகிறார்கள்" என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். என் கணவர், "பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமே?" என்றார். கடிக்கு வேண்டிய சீரம் அங்கே இருக்குமா என்று டெலிபோனில் கேட்டோம். "திங்கட்கிழமை வரவழைத்துத் தருகிறோம்" என்று பதில் வந்தது. ஆட்டோ அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

அது சாயங்கால வேளை. அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் என்றால் கூட்டம். நடையில் பெஞ்சு ஒன்று ஒரு காலை இழந்து செங்கல் மேல் நின்றது. மின்விசிறி சுற்றுவதாகப் பெயர். இதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லதைச் சொல்ல வந்தவள் என்பதற்காக நொண்டிப் பெஞ்சுக்குக் கால் முளைத்துவிடாது. ஆனால் நாய்க்கடி என்று சொன்னதும் அங்கிருந்த சின்ன டாக்டர் — இருபத்தைந்து வயதுகூட இராது — நேரே காலைத்தான் பார்த்தார். "கழுவினீர்களா? எத்தனை நேரம்?" என்பது முதல் கேள்வி. "பதினஞ்சு நிமிஷம்! எம் பேரன் கடிகாரம் வச்சு அளந்தான்" என்று அத்தை பெருமையோடு சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, "எனக்கு இதுவே பாதி வைத்தியம் பாட்டி" என்றார்.

அப்புறம் எனக்கு விளக்கினார். பல் பட்டு ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் கடி. தடுப்பூசி போட்டவுடன் உடம்பு தன்னுடைய எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்ய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் கிருமி காத்திருக்குமா? நரம்பு வழியே மூளையை நோக்கி ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும். மூளையை அடைந்து வியாதி வெளிப்பட்டுவிட்டால் அப்புறம் உலகத்தில் எந்தப் பணக்காரனாலும் பிழைக்க முடிவதில்லை. ஆகவே ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தியை, சீரமாகக் காயத்துக்குள்ளேயே செலுத்திக் கிருமிக்கு வழி மறிக்க வேண்டும்.

"அந்தச் சீரத்தை எதிலிருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டார் அத்தை.

"இதைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள் பாட்டி."

அத்தை என் பக்கம் திரும்பி, "நாய் கடிச்சதுக்குக் குதிரையா?" என்றார். நல்ல வேளையாக அதற்குமேல் ஆட்சேபம் சொல்லவில்லை.

காயத்துக்குள் ஊசி போடுவது லேசான காரியமல்ல, அது வலிக்கும். வலிக்காது என்று அந்த நர்ஸம்மாள் பொய் சொல்லவில்லை. "வலிக்கும் பாட்டி. ரெண்டு நிமிஷம். அந்த நாயை வாய் நிறையத் திட்டிக்கிட்டே இருங்க, இங்கே யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்" என்றார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை நெரித்தாரே தவிர, நாயைத் திட்டவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "பசியிலே வந்த ஜீவன், அதைப் போயி எதுக்குத் திட்டணும்" என்றார். நர்ஸம்மாள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு காலைப் பிடித்துப் பூப்போல் கீழே இறக்கிவிட்டார்.

காயத்துக்குக் கட்டுப் போடவில்லை. இந்தக் கடிக்குத் தையலும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாதாம். அத்தைக்கு அது ஒன்றுதான் குறை. "கட்டுக்கூடப் போடாம அனுப்பறாங்களே, இது என்ன வைத்தியம்?" என்று வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். செலவு என்னவென்றால், ஆட்டோ சத்தம் மட்டும்தான்.

பாக்கி ஊசிகளை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலு கட்டம் போட்ட சீட்டு. கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். முதல் கட்டம் நிரம்பிவிட்டது.

எங்கள் பேட்டை சுகாதார நிலையத்தை நீங்கள் பார்த்தால் பார்த்ததாகவே நினைவிராது. ரேஷன் கடையை ஒட்டிய மஞ்சள் நிறக் கட்டிடம். வாசலில் ஒரு வேப்ப மரம். அதைத் தாண்டித்தான் நான் தினம் ஆபீசுக்குப் போகிறேன். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனோம். அங்கே ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பூக்காரம்மாள், அப்பாவோடு வந்த பள்ளிக்கூடத்துப் பெண், வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் பையன் ஒருவன், பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர். எல்லோரும் நாய்க்கடிக் கோஷ்டி.

எல்லோரையும் ஏன் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார்கள்? நானும் முதலில் ஏதோ ஆபீஸ் வழக்கம் என்றுதான் நினைத்தேன். நர்ஸம்மாள் சொன்ன பிறகு விஷயம் சுவாரஸ்யமாகிவிட்டது. முன்பெல்லாம் இந்தப் புது மருந்தைத் தசையில் ஐந்து தடவை, ஒரு தடவைக்கு ஒரு குப்பி என்று போடுவார்கள். தோலுக்குள் மேலாகப் போட்டால் மிகக் குறைந்த மருந்தே அதே பலனைத் தருகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2006ல் நம் நாட்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு தோளில் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு, மறு தோளில் அதே அளவு. கொசு கடித்தாற்போல் சின்னத் தடிப்பு எழும்பும், அவ்வளவுதான். ஒரு மில்லி குப்பி ஐந்து பேருக்குப் போதும். ஆனால் குப்பியைத் திறந்து கரைத்துவிட்டால் குளிரில் வைத்து ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஆகவே சேர்ந்தாற்போல் ஐந்து பேர். தோசை மாவைக் கரைத்த பிறகு வீட்டிலுள்ளவர்களை ஒன்றாகக் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லையா, அந்தக் கணக்குத்தான்.

அதற்காக யாரையும் காக்க வைத்துத் திருப்பி அனுப்பவுமில்லை. ஏழாம் நாள் அத்தையும் பையனும் மட்டும்தான் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்காகவே குப்பியைத் திறந்தார் நர்ஸம்மாள். இருவரில் பையனைத்தான் முதலில் அழைத்தார். அத்தை மூத்தவர் அல்லவா? எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அவரே சொன்னார்: "பாட்டி கோவிச்சுக்காதீங்க. அவனுக்கு ஒரு மணி நேரம் போனா அந்த மணிக்குக் கூலி கிடையாது. லேட்டானா அடுத்த தடவை வராம இருந்துடுவான்." அத்தைக்கு உடனே பையன் மேல் வாத்சல்யம் பிறந்துவிட்டது. அவன் சாப்பிட்டானா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

சங்கதி அதுதான். காயம் ஆறி, தழும்பும் மறையத் தொடங்குகிற சமயத்தில் வருகிற நாலாவது ஊசியை ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். வலி இருக்கும்போது நினைவு இருக்கிறது. வலி போனால் நினைவும் போய்விடுகிறது. ஆகவே அந்த அம்மாள் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். பெயர், செல்போன் நம்பர், தேதி. காலையில் வந்தவுடன் அன்றைய தேதிக்கு யார் யார் என்று பார்த்து, வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்கிறார். இதை யாரும் பார்ப்பதில்லை. எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அவருக்கு இதைத் தவிரக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு எடை பார்ப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது என்று ஆயிரம் ஜோலி.

அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் இன்னொன்றும் கவனித்தேன். "மருந்து இல்லை, வெளியில் வாங்கி வாருங்கள்" என்ற பேச்சு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதற்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை நிறுவினார்கள். மாநிலம் முழுவதற்குமான மருந்தை மொத்தமாக வாங்கி, பரிசோதனைச்சாலையில் தரம் பார்த்து, ஜில்லாக்களிலுள்ள கிடங்குகளில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு இன்னின்ன மருந்து என்று பதிந்து எடுத்துப் போக வேண்டும். ரேஷன் கார்டை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரிந்த நமக்கு இந்த ஏற்பாடு புரியாமலா போகும்? மற்ற மாநிலத்தார் பலர் வந்து பார்த்து இதைப் போலவே செய்துகொண்டார்கள்.

பேச்சோடு பேச்சாக அத்தைக்கு ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டார்கள். வீட்டில் நாங்கள் எத்தனையோ தடவை சொல்லியும் டாக்டரிடம் வர மறுத்தவர். நாய் தயவில் மாட்டிக்கொண்டார். அழுத்தம் அதிகந்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இப்போது ஒரு பெண் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். அத்தை அவளுக்கு மோர் கொடுத்து அரை மணி பிடித்து வைத்துக்கொள்கிறார். பாவம், அவளுக்கு இன்னும் எத்தனை வீடு பாக்கியோ!

நாலாவது ஊசிக்குத்தான் வந்தது ஆபத்து. இருபத்தெட்டாம் நாள் என்பது, கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில் அத்தையின் தங்கை பேத்திக்குக் கல்யாணம். முதல் நாளே போயாக வேண்டும். "மூணு போட்டாச்சே, புண்ணும் ஆறிப் போச்சு. வந்து போட்டுக்கிட்டா ஆகாதா?" என்றார் அத்தை. கல்யாணத்துக்குப் போகாதீர்கள் என்று என்னால் சொல்ல முடியுமா? நாற்பது வருஷத்துக்கு அந்தப் பேச்சு ஓயாது. ஊசியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. கடித்த நாய் என்ன ஆயிற்று என்பது இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாதே!

நர்ஸம்மாளிடமே போய்க் கேட்டேன். அவர் கல்யாணத்தையும் தடுக்கவில்லை, ஊசியையும் விடவில்லை. "தாராளமா போகட்டும். சீட்டை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. அங்கே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலே காட்டினாலும் போடுவாங்க. அதே மருந்துதான்" என்றார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொண்டார்.

இருபத்தெட்டாம் நாள் காலை எட்டரை மணி. கல்யாண வீட்டில் அத்தை பட்டுப் புடவையில் இருக்கிறார். தாலி கட்டி முடிந்திருக்கிறது. பந்தி போட இலை நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அத்தையின் போன் மணி அடித்தது. "பாட்டி, இன்னிக்கு இருபத்தெட்டு. முகூர்த்தம் ஆயிடுச்சா? அப்ப கிளம்புங்க!"

சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில் மெட்ராஸ் நர்ஸ் போன் செய்தாள் என்பதில் அத்தைக்கு ஏற்பட்ட கௌரவத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பந்தியை ஒத்தி வைத்துவிட்டு, தங்கை மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கிளம்பிவிட்டார். வயல்களுக்கு நடுவே அந்த ஊர் சுகாதார நிலையம். அங்கிருந்த நர்ஸம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்தார். எந்த ஊர், ஏன் இங்கே என்றெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. "கல்யாணமா பாட்டி?" என்று புடவையைப் பார்த்துக் கேட்டார். இரண்டு தோளிலும் போட்டு, நாலாவது கட்டத்தில் தேதியை எழுதினார்.

"பத்தியம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டாராம் அத்தை. மனசெல்லாம் பந்தியில் இருந்திருக்கும்.

"ஒண்ணும் கிடையாது. பாயசம் வரைக்கும் எல்லாம் சாப்பிடலாம்."

"அப்போ முடிஞ்சுதா? இந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடலாமா?"

"ஐயையோ, போட்டுடாதீங்க பாட்டி! மறுபடியும் எப்போவாவது கடிச்சா இதைக் கொண்டு வாங்க. அப்போ நாலு வேண்டாம், ரெண்டே போதும். அந்தக் குதிரை ஊசியும் கிடையாது."

அந்தக் குதிரை ஊசி கிடையாது என்பதுதான் அத்தையின் மனத்தைத் தொட்ட செய்தி. ஊர் திரும்பிய அன்றே அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டார். வீட்டுப் பத்திரமும் எங்கள் எல்லோருடைய ஜாதகங்களும் இருக்கிற இரும்புப் பெட்டியில் இப்போது அது இருக்கிறது. சாவி அவர் இடுப்பில்.